பூச்சாடிச் செரி பூக்கிறது, காய்க்கவில்லை: காரணமும் கைவைத்தியமும்

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி. பல்கனியில் 12 அங்குலப் பூச்சாடியில் ஒரு செரிக் கன்று, வைத்து இரண்டு வருடம். இளஞ்சிவப்புப் பூ நிறையப் பூக்கிறது, ஒரு பழமும் இல்லை. இப்போது இலையும் மஞ்சளாகிறது. கனடாவிலிருந்து வந்த உறவினர் அங்கத்தைய செரிக் கொட்டை கொஞ்சம் தந்திருக்கிறார், அதையும் ஒரு சாடியில் போடலாமா?

கனடாக் கொட்டையின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் கருஞ்சிவப்புச் செரி குளிர்நாட்டு மரம். இலையைக் கொட்டி உறங்கி, 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிர் 700 முதல் 1,000 மணித்தியாலம் வரை பட்டால்தான் அதன் மொட்டு ஒழுங்காக விழிக்கும். குறைந்த குளிரே போதும் என்று உருவாக்கிய ரோயல் லீ, மினி ரோயல் போன்ற வகைகளுக்குக்கூட 200, 300 மணித்தியாலம் வேண்டும். கொழும்பில் தை மாத விடியற்காலையிலும் வெப்பமானி 22ஐ ஒட்டித்தான் நிற்கும், ஆகவே நம் கணக்கு பூச்சியம். கொட்டையை ஈரக் கடதாசியில் சுற்றி மூன்று மாதம் ஃபிரிஜ்ஜில் வைத்தால் முளைக்கலாம், கன்றும் எழும்பலாம். காய்க்காது. போதாததற்கு, வெளிநாட்டு நடுகைப் பொருளை அனுமதியின்றிக் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதிக்காது. அடுத்த முறை சொக்லேட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் சாடியில் நிற்பது வேறு சாதி. கொழும்பில் செரி என்ற பெயரில் மூன்று மரங்கள் கைமாறுகின்றன, பராமரிப்பு மூன்றுக்கும் ஒன்றல்ல. பழத்தில் பூசணிக்காய்போல் ஏழெட்டு வரி ஓடி, பூ வெள்ளையாக, நசுக்கிய இலை பிசின்போல் மணத்தால் அது சுரினாம் செரி; சிங்களத்தில் கொரகா ஜம்பு என்பார்கள். இலை பிசுபிசுவென்று மயிரோடும், கிளை குடைபோல் பக்கவாட்டிலும் விரிந்தால் அது ஜாம் பழ மரம். அதைச் சாடியில் அடைத்துவைப்பது வீண் வேலை, இரண்டு வருடத்தில் கூரையைத் தொடப் பார்க்கும். பூ இளஞ்சிவப்பாக, ஐந்து இதழும் ஓரத்தில் கிழித்துவிட்டதுபோல் சுருங்கி, இலை எதிரெதிராகச் சின்னதாகப் பளபளத்தால் அது பார்படோஸ் செரி. அசெரோலா என்பதும் அதுவே. மல்பீகியா எமார்ஜினேட்டா என்பது தாவரவியற் பெயர். நீங்கள் சொல்லும் பூ இதனுடையதுதான். குளிர்நாட்டுச் செரிக்கும் இதற்கும் குடும்ப உறவே இல்லை, பெயர் மட்டும் ஒன்று. நம் வெப்பத்துக்குப் பொருந்தும், சாடியிலும் நன்றாகக் காய்க்கும் செடி. இனி எழுதுவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

ஏன் காய்க்கவில்லை? பெரும்பாலானோர் பசளையைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் சந்தேகிப்பது தேனீயை. இந்த மரத்தின் பூர்வீகம் கரீபியன் தீவுகளும் மத்திய அமெரிக்காவும். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: பச்சைப் புல்லிகளின் முதுகில் சின்னச் சின்ன வீக்கங்கள், ஒரு பூவில் ஆறு முதல் பத்து. அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இந்தப் பூவில் தேன் கிடையாது, எண்ணெய்தான் கூலி. அந்த எண்ணெயைச் சேர்க்க வரும் சென்ட்ரிஸ் என்ற தேனீக்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்கின்றன. நம் ஊர்த் தேனீக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை, அதுவும் காலி வீதி இரைச்சலுக்கு மேலே மூன்றாம் மாடி வரை தேடி வருமா? பூ விரிகிறது, மகரந்தம் காய்கிறது, காம்போடு உதிர்கிறது. செடிக்கு நோய் ஒன்றும் இல்லை.

ஆகவே தேனீயின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும். இரண்டாம் இலக்க நீர்வண்ணத் தூரிகை ஒன்று போதும், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியும் உதவும். காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், அன்று புதிதாக விரிந்த பூவை எடுங்கள், நேற்றையது பயன்படாது. நடுவில் பத்து மகரந்தக் காம்புகள் வட்டமாக நிற்கும், நுனியில் மஞ்சள் பை. தூரிகையின் நுனியை அவற்றின்மேல் மெல்லச் சுழற்றினால் மயிரில் மஞ்சள் தூள் ஒட்டும். அந்த வட்டத்தின் மத்தியில் மூன்று பச்சைத் தண்டுகள் தெரியும், அவற்றின் உச்சியில்தான் தூள் படவேண்டும். ஒரு பூவில் எடுத்ததை அடுத்த பூவில் வைத்துக்கொண்டே போங்கள், 30 பூவுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. பூக்கும் நாளெல்லாம் செய்யுங்கள். பலித்தால் சில நாளில் இதழ் வாடிச் சுருங்கும், அடியில் மிளகளவு பச்சை நிற்கும். பலிக்காவிட்டால் காம்பு மஞ்சளாகி முழுதாக விழும். நின்ற பிஞ்சு மூன்று நான்கு கிழமைக்குள் பழுத்துவிடும். இவ்வளவு விரைவாகப் பழம் தரும் மரம் குறைவு.

தூரிகையாலும் பலிக்காத செடி உண்டு. இந்த மரத்தில் சில, தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அதற்கு வழி கடைசியில் வருகிறது.

அடுத்த சந்தேகம் வெய்யில். நேரடி வெய்யில் ஆறு மணித்தியாலம் வேண்டும், நாலுக்குக் கீழே போனால் இலைதான் மிஞ்சும். பல்கனியில் வெய்யில் விழுவது திசையைப் பொறுத்தது. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் ஏப்ரல் முதற் கிழமை தொடங்கி செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மீதி மாதங்கள் தெற்கே. வடக்குப் பார்த்த பல்கனிக்கு ஜூன் மாதத்தில்கூட நண்பகல் வெய்யில் ஏறக்குறையச் செங்குத்தாகத்தான் விழும். மேல்மாடித் தளம் ஒன்பதடி உயரத்தில் இருந்தால் தரையில் மூன்றடிக்குமேல் உள்ளே வராது. தெற்குப் பார்த்த பல்கனியில் டிசம்பரில் ஐந்தடி வரை வரும். கிழக்கு, மேற்குப் பல்கனிகளுக்கு வருடம் முழுக்க அரைநாள் உறுதி. உங்களுடையது வடக்குப் பார்த்ததென்றால் மொட்டைமாடிக்கு அனுமதி கேட்பதுதான் உருப்படியான வழி.

கடற்பக்கம் பார்த்த மேற்குப் பல்கனிக்கு வேறு தொல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும். இலையின் ஓரம் மட்டும் கருகி, நடு பச்சையாக இருந்தால் அது உப்பு. பலத்த காற்று அடித்த நாளில் பின்னேரம் குழாய்த் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். இதன் வேர் ஆழம் போகாதது, காற்றில் சாடியோடு சாயும். கைப்பிடிக் கம்பியோடு ஒரு துணிப் பட்டியால் தளர்வாகக் கட்டிவிடலாம்.

இப்போது சாடி. 12 அங்குலம் போதாது. அதில் 15, 18 லீற்றர் மண்தான் பிடிக்கும், இரண்டு வருட வேர் அதைச் சுற்றிச் சுற்றி நெருக்கியிருக்கும். இலை மஞ்சளாவதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். 18 அங்குலச் சாடி, ஏறத்தாழ 45 லீற்றர், நிலையாக வைத்திருக்கப் போதும். ஈரக் கலவையோடு அது 55 கிலோவைத் தாண்டும். சீமெந்துச் சாடியானால் அதன் எடை வேறு. பல்கனிக்குப் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் சாடி எடுங்கள், கம்பி ஓரத்தில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள். அடியில் பென்சில் நுழையும் துளை ஐந்தாறு இருக்கவேண்டும். துளைமேல் நுளம்புவலைத் துண்டு ஒன்று போடுங்கள், மண் ஓடாது. அடியில் சல்லிக்கல் படுக்கை போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மண்ணில் தேங்கும் நீர் கல்லுக்குள் இறங்காமல் கல்லுக்கு மேலேயே நிற்கும், ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வந்து சேரும்.

கலவைக்கு நான் சொல்லும் அளவு: மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய கூட்டுப்பசளை மூன்று பங்கு, தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் இரண்டு பங்கு. தும்புத்தூளை வாளியில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கினால் 650 கிராம் கட்டி எட்டு ஒன்பது லீற்றராக விரியும், ஒன்று போதும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கொழும்புப் பக்கத்துக் கபுக்கல் மண் புளிப்பானது. இந்த மரம் 5.5 முதல் 6.5 வரையான கார அமில அளவை (pH) விரும்பும், சுண்ணமும் கேட்கும். அதனால் 45 லீற்றருக்கு 100 கிராம் டொலமைட், 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. டொலமைட்டை அதற்குமேல் கூட்டினால் இரும்புச் சத்து பூட்டிக்கொள்ளும், அப்புறம் இளம் இலை வெளிறும்.

சாடி மாற்ற ஏற்ற காலம் சித்திரை மழை தொடங்கியதும், அல்லது ஐப்பசி மழை தொடங்கியதும். தை, மாசிக் காய்ச்சலில் செய்யாதீர்கள். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் செடியைப் படுக்கவைத்துச் சாடியை உருவுங்கள். வேர் வட்டமடித்திருந்தால் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். கீறாமல் வைத்தால் புதுச் சாடிக்குள்ளும் அதே வட்டத்தில்தான் சுற்றும். பழைய மட்டத்திலேயே நட்டு, விளிம்புக்கு இரண்டு அங்குலம் விட்டு, பத்து நாள் நிழலில் வைத்து, ஒரு மாதம் பசளை போடாமல் விடுங்கள்.

சாடி கழன்ற அந்த நேரத்தில் ஒரு சோதனையையும் முடித்துவிடுங்கள். மெல்லிய வேர் ஒன்றைக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். வேர் முழுக்க மணி கோர்த்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சுப் புழு. பார்படோஸ் செரியின் முதல் எதிரி இதுதான். மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் இலை தொங்கும், வளர்ச்சி நிற்கும், பசளை போடப் போட மஞ்சள் கூடும். சாடியில் இதற்கு நம்பத்தகுந்த மருந்து இல்லை. நல்ல கிளையில் தண்டு வெட்டி எடுத்துவிட்டு, மண்ணைக் கட்டி எறிந்து, சாடியைக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதே மலிவு. கத்தரி, தக்காளி நின்ற பழைய மண்ணை மறுபடி எடுப்பதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. அந்த மண்ணைத்தான் பாவிக்கவேண்டும் என்றால் நனைத்து, தெளிந்த பொலித்தீனில் மூட்டையாகக் கட்டி, தை மாசி வெய்யிலில் ஆறு கிழமை தட்டையாகப் பரப்பி வையுங்கள்.

தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமென்றால் விடுங்கள். ஊற்றினால் அடித்துளையால் கொஞ்சம் ஓடும்வரை ஊற்றவேண்டும். தினம் ஒரு கோப்பை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, பசளை உப்பை நடுவில் சேர்த்துவைக்கும். ஐந்தடிச் செடிக்கு வரட்சியான தை மாசியில் நாளுக்கு மூன்று நான்கு லீற்றர் போகும். மழைக்காலத்தில் ஏமாறாதீர்கள்: வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும், மேல்மாடித் தளம் மறைத்த சாடிக்குள் ஒரு துளி விழாது. மொட்டைமாடிச் சாடிக்கு இதற்கு நேர்மாறு, மே மாதத்தில் ஒரு கிழமை முழுக்க நீங்கள் தண்ணீர் தொடவே வேண்டாம்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம் என்பேன். கீழ்வீட்டுக்காரருக்கு ஒழுகுமென்று வைக்கத்தான் வேண்டுமென்றால், சாடியை மூன்று செங்கல் துண்டில் தூக்கி வைத்து, தண்ணீர் ஊற்றிய அரை மணித்தியாலத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொடர்மாடிக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் இந்தத் தட்டைத்தான்.

பூவை வரவழைக்க ஒரு வித்தை உண்டு. இந்த மரம் காய்ந்து கிடந்து மழை கண்டதும் பூக்கும் பழக்கம் உடையது. இலை நுனி லேசாகத் தொங்கும்வரை சில நாள் தண்ணீரை நிறுத்தி, பிறகு நிறைய ஊற்றினால் அடுத்த சில கிழமைகளில் ஒரு பூவெடுப்பு வரும். சாடி மாற்றிய செடியிலும், மஞ்சளாக நிற்கும் செடியிலும் இதைச் செய்யாதீர்கள்.

பசளை அதிகம் வேண்டாம். 15-15-15 போன்ற சமநிலைப் பசளை ஒரு மேசைக்கரண்டி, ஆறு கிழமைக்கு ஒருமுறை, ஈரமண்ணில் ஓரமாகத் தூவிக் கிளறினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ கூட்டுப்பசளை. அல்பேர்ட் கரைசல் (நீரில் கரைத்து ஊற்றும் பசளைக் கலவை) கைவசம் இருந்தால் பொதியில் சொன்ன அளவில் பாதி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அப்போது 15-15-15ஐ நிறுத்திவிடுங்கள். யூரியாவைத் தனியாகப் போடுபவர்களின் செடி கரும்பச்சையாகக் கிளை நீண்டு, பூ அற்று நிற்கும்.

மஞ்சள் இலையைப் பார்த்ததும் பசளைப் பையைத் தூக்காமல், எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, வேர் நெருக்கத்தாலும் வரும். உங்கள் 12 அங்குலச் சாடிக்கு இதுதான் முதல் ஊகம். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சை, இடை மஞ்சள் என்றால் மக்னீசியம்: எப்சம் உப்பு ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இலையில் விசிறலாம். அதே கோலம் நுனியில் உள்ள இளம் இலையில் வந்தால் இரும்பு, அதாவது மண்ணில் சுண்ணம் மிகை அல்லது வேர் தண்ணீரில் நிற்கிறது. அங்கே உப்புப் போட்டுப் பயனில்லை, வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

பூச்சியில் பெரியது மாவுப்பூச்சி, இலைக் கக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். அதன்பின்னால் எறும்பு நிற்கும். எறும்பு அதன் இனிப்பு நீருக்காக அதை மேய்த்துக் காவல் காக்கிறது, எறும்பை நிறுத்தாமல் பூச்சி ஒழியாது. அடித்தண்டில் துணிப் பட்டி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். கிறீஸ் நேரே பட்டையில் படக்கூடாது. கிளை சுவரையோ கம்பியையோ தொட்டால் எறும்புக்கு அது பாலம். பிறகு ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் 2 மில்லிலீற்றர் கலக்கிப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய விசிறுங்கள். கிழமைக்கு ஒருமுறை, மூன்று முறை. விரிந்த பூவில் படவிடாதீர்கள். பழ ஈ குத்தினால் பழத்துக்குள் புழு வரும். நிறம் மாறத் தொடங்கும்போதே கொத்தைச் சின்ன வலைப்பையால் மூடினால் அணிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் சேர்த்துக் காவல்.

கத்தரிப்பு பழம் பறித்து முடிந்த கையோடு. நீண்ட கிளைகளில் கால்பங்கு, உள்ளே குறுக்கே ஓடும் குச்சிகள், அடியிலிருந்து கிளம்பும் தளிர்கள். மூன்று நான்கு முதன்மைத் தண்டோடு நாலைந்து அடியில் நிறுத்துங்கள். மொட்டையாக வெட்டினால் பூ அடுத்த பருவம் தள்ளிப்போகும். இளம் இலையின் அடியில் நுண்ணிய சுணை உண்டு, தோலில் பட்டால் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேர்க்கட்டியைச் சுற்றி ஒன்றரை அங்குலம் செதுக்கிப் புதுக்கலவை இட்டு அதே சாடியில் வைக்கலாம்.

பழம் முழுச் சிவப்பானதும் பறியுங்கள். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் நொதித்துவிடும், கடைகளில் இதைக் காணாததற்கு அதுவே காரணம். மீந்ததை உறைநிலையில் போடலாம். தோடம்பழத்தில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் அளவில் உள்ள விட்டமின் சி, இதில் 1,000ஐத் தாண்டும். பழுக்கப் பழுக்க அது குறையும், அரைப் பழத்தில்தான் கூட. புளிப்பைத் தாங்கக்கூடியவர்கள் அரைப் பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடலாம்.

இனி, தூரிகையாலும் பலிக்காத செடிக்கு. பக்கத்தில் இரண்டாவது செடி ஒன்று வேண்டும், உங்கள் செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்தது அல்ல. அது அதே செடிதான், மகரந்தமும் அதேதான். தெரிந்தவர் வீட்டில் காய்த்து நிற்கும் மரத்தில் பென்சில் தடிப்பில் ஆறு எட்டு அங்குலக் குச்சிகள் பத்து கேளுங்கள். மேலே இரண்டு மூன்று இலை விட்டு மீதியைக் கிள்ளி, மணலும் தும்புத்தூளும் சம பங்கில் நிரப்பிய கோப்பையில் பாதி புதையக் குத்தி, பொலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மாதத்தில் பாதி வேர்விட்டால் நல்ல விளைச்சல். கொட்டையை நம்பவேண்டாம், பலதில் உள்ளே பருப்பே இராது. குச்சி எடுக்க வழியில்லாதவர்கள் பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் கன்று விற்கும் இடங்களில் தேடலாம். பெயர்ப்பலகையை நம்பாமல் பூவோடு நிற்கும் கன்றாகப் பார்த்து, இதழின் கிழிந்த ஓரத்தையும் புல்லியின் முதுகு வீக்கத்தையும் சரிபார்த்து வாங்குங்கள்.